முதலை பார்த்த மதியம்

"எல்லாப் பறவையும் போயிருச்சு," என்றாள் ஓவிய டீச்சர். "நீங்க தும்மாம இருந்திருக்கலாம்."

மருந்துக்கடை நடத்தும் அவள் கணவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தும்மல் என்ன என்னைக் கேட்டுட்டா வருது?"

ஏரி நடுவே இருந்த மரம் சற்று முன்புவரை கொக்கும் நாரையுமாக வெள்ளை வெளேரென்று இருந்தது. இப்போது மொட்டை. பறவைகள் போனால் போகட்டும். அவள் வந்தது முதலைக்காக. பள்ளிச் சுவரில் மூன்று வாரம் மாங்கு மாங்கென்று அவள் வரைந்த முதலையைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை, "பல்லி நல்லா வந்திருக்கு டீச்சர்," என்று மனதாரப் பாராட்டியிருந்தார். நிஜ முதலை ஒன்றைக் கண்ணால் கண்டு, அதை அச்சு அசலாகத் திருத்தி வரையாமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

"உங்க சட்டையும்தான் பிரச்சினை. இந்த மஞ்சளைப் பாத்தா மனுஷனே மிரளுவான். கழட்டுங்க."

கழற்றினார். கொசுக்கள் மொய்த்துக்கொண்டன. அவர் தோளிலும் முதுகிலும் பட் பட்டென்று அடித்துக்கொள்ள, எதிர்க்கரை வாத்துகளும் எழுந்து பறந்தன.

"பேசாம கார்ல போய் உக்காருங்க."

"அப்ப நீ?"

"பாத்துட்டுத்தான் வருவேன். இருட்டினாலும் சரி."

அவர் போய்க் கார் கதவைச் சாத்தினார். ஏரியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மீன்கொத்தி. அந்தச் சத்தத்தில் அதுவும் போயிற்று.

கரையோரம் ஒரு மண்திட்டு வழவழவென்று, படுப்பதற்கு வாகாக இருந்தது. குப்புறப் படுத்தாள். வெள்ளை உடுப்பு பளிச்சென்று தெரியுமோ? சேற்றை அள்ளிப் பூசிக்கொண்டாள். முகம்? அதற்கும் பூசினாள். தலைக்குக் கொஞ்சம் பாசி. காதில் எறும்பு ஏறியது, அசையவில்லை. செருப்பில் ஒன்று தண்ணீரோடு மிதந்து போனது, கை நீட்டவில்லை. ஓவிய நோட்டு ஈரத்தில் ஊறி உப்பியது. போகட்டும் என்று விட்டாள்.

மூன்று மணி நேரம். பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒரு கொக்கு அவள் முதுகிலேயே வந்து நின்றது. அவளுக்கே பெருமையாக இருந்தது. முதலையை மட்டும் காணோம்.

வெயில் சாயும் நேரத்தில் ஏரிக் காவலர் படகில் வந்தார். சேறு கண் திறந்ததைப் பார்த்ததும் துடுப்பை நழுவவிட்டார்.

"யாரும்மா அது?"

"முதலை பாக்க வந்தேன்." அவள் எழுந்தாள். கொக்கு பறந்தது. "உங்க ஏரியில முதலையே இல்லண்ணா. சும்மா 'முதலை இருக்கு'ன்னு போர்டு மட்டும் வச்சிருக்கீங்க. மத்தியானத்துலேர்ந்து இந்த இடத்தை விட்டு நான் ஒரு அடி நகரலை."

காவலர் அவளையும் மண்திட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தினம் அது வெயில் காயற இடம்மா இது. நீங்க படுத்துக்கிட்டீங்களா, பாவம், அந்தக் கோரைக்குள்ளேர்ந்து தலையை மட்டும் நீட்டிக்கிட்டு, எப்ப எழுந்திருப்பீங்கன்னு மத்தியானத்துலேர்ந்து உங்களையே பாத்துக்கிட்டிருக்கு."