பட்டினி போட வேண்டிய பாக்டீரியா

வெளிநாடு போகிறவன் பெட்டி கட்டும்வரை அதை வெளியே சொல்லக் கூடாது. நான் எங்கள் ஜாலான் புசார் தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன். (பரோட்டாக் கடைக்காரருக்குக்கூட நான் கப்பலேறும் மாதம் தெரியும்.)

அறுபதுகளின் தொடக்கம். பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் உதவியாளன். பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துவந்தார். இரும்பு கொடுக்காமல் பட்டினி போட்டால் அது ஒரு பொருளைச் சுரந்து, சுற்றியிருக்கும் இரும்பைப் பற்றி இழுக்கும். அந்த மூலக்கூறுக்கு மூன்று கைகள், கைக்கு இரண்டு பிடி என்பது அவர் ஊகம். எந்த அணு எதோடு சேர்ந்திருக்கிறது என்று நிரூபிக்க அந்தப் பொருள் நிறைய வேண்டும்.

“இந்த முறை சரிவந்தால் லண்டனுக்கு நீரும் வாரும்” என்றார். அன்றே கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டேன்.

பாக்டீரியாவுக்கான சர்க்கரைக் கரைசலை, இரும்பு துளியும் சேராமல் தயாரித்துப் பழுப்பு நிற ஜாடியில் நிரப்பினேன். எங்கள் கிருமிநீக்கும் கருவி பழுது. மறுநாள் காலை வேறோர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். யாரையும் நம்பாமல் ஜாடியை வீட்டுக்கே தூக்கிவந்தேன். வீடு என்றால் அக்கா வீடு. அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். கீழே மாமாவின் ஹார்ட்வேர் கடை.

மறுநாள் கிருமிநீக்கிய அந்தக் கரைசலில் பாக்டீரியா கொழுகொழுவென்று வளர்ந்தது. சோதனை நாளன்று பேராசிரியர் இரும்பு உப்பை ஊற்றினார். பொருள் இருந்தால் சிவக்க வேண்டும். அது வெளுத்த தேநீர் நிறத்திலேயே நின்றது.

“சிவக்கேல்லையே தம்பி. எங்கேயோ இரும்பு சேர்ந்திட்டுது. வயிறு நிறைஞ்சால் அது ஏன் வேலை செய்யும்?”

நான் கழுவாமல் வைத்திருந்த ஜாடியைக் கவிழ்த்தார். துருப்பிடித்த ஆணி ஒன்று விழுந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் கத்தினேன்.

“இனிப்பு வாசனை அடிச்சுச்சு. வெளிய எடுத்துட்டுப் போறியே, காத்து கருப்பு அண்டக்கூடாதுன்னு போட்டேன் லா. தப்பா தம்பி?” என்றவள் அழ ஆரம்பித்தாள்.

பேராசிரியர் வேறொருவரை அழைத்துப் போனார். அவருடைய ஊகம் சரிதான் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். நான் பள்ளியில் வேதியியல் வாத்தியாரானேன். (கோட்டு மட்டும் தைத்து வந்தது. இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது?)

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது வெளிநாடு கிளம்பினால் மாமா கேட்பார்: “பையை நல்லாப் பாத்தியா? என் வீட்டுக்காரி ஆணி போட்டிருக்கப்போறா.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். எனக்கு வருத்தமில்லை என்பது அங்கே அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் நான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரிக்கிறேன்.