இரத்தசோகையை ஒழித்த ஒற்றுத்தாள்

உலக மருத்துவ வரலாற்றை எழுதப் போகிறவர்கள் முதலில் மலேசியாவின் சிலிம் ரிவர் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுதுவது நல்லது. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் முட்டி மோதியும் போகாத இரத்தசோகையை, 1976-இல் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்துவந்த டிரெசர் ஐயாவு ஒரே வாரத்தில் ஒழித்துக் கட்டினார். அதுவும் மை ஒற்றுகிற காகிதத்தை வைத்து!

கருவி ரொம்ப எளிது. விரலில் ஒரு குத்து, ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு. அந்தச் சிவப்பை அட்டையில் அச்சடித்த பத்துச் சிவப்புகளோடு ஒப்பிட்டால் இரத்தத்தின் 'மார்க்கு' தெரிந்துவிடும். அறுபதுக்குக் கீழே போனால் சத்து மாத்திரை, பால்மாவு, இலேசான வேலை. மிஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம். எவ்வளவு மலிவு என்று கேட்டதும் மேனேஜர் துரைக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

ஐயாவு பக்திமான். ஆயுத பூசையன்று கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி தன் டைப்ரைட்டருக்குப் பொட்டு வைத்தால் இவர் மட்டும் சும்மா இருப்பாரா? ஒற்றுத்தாள் கட்டுகளையெல்லாம் பிரித்து, தாளுக்குத் தாள் நட்டநடுவில் குங்குமம் வைத்தார். மறுநாள் பயபக்தியோடு தட்டிவிட்டார். கறை லேசாக இருந்தது. மங்களகரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அந்த வாரம் சோதித்த நூற்றுப் பதினாறு பேருக்கும் நூறு மார்க்கு! கோலாலம்பூர் தலைமை ஆபீசுக்குத் தந்தி பறந்தது. கூட்டம் போட்டு ஐயாவு கழுத்தில் மாலை போட்டார்கள். மாத்திரையும் பால்மாவும் 'இனித் தேவையில்லை' என்று தீர்மானம் நிறைவேறியது.

இந்த நேரத்தில்தான் இருளாயி வந்து நின்றாள். ஐந்து மாதக் கர்ப்பிணி, பால்மரம் வெட்டுகிறவள்.

"டிரெசரய்யா, மரத்துக்கு மரம் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நேத்து ரெண்டு தடவ விழுந்துட்டேன். புள்ள தங்கணும்யா. ஆயாக்கொட்டாய்ல புள்ளைங்களப் பாத்துக்குற வேலைக்கு எழுதிக் குடுங்க."

"நூறு மார்க்கு எடுத்துட்டு இலேசு வேல கேக்குறியே, வெளிய தெரிஞ்சா தோட்டத்து மானம் போயிடும்லா!"

"என் மூஞ்சியப் பாருங்க, சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்கு."

"மூஞ்சிய யாரு நம்புறது? இது சைன்ஸு!"

இருளாயிக்கு வந்ததே கோபம். ஒரு தாளை வெடுக்கென்று உருவி, குழாயைத் திறந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். செக்கச்செவேலென்று பரவியது. பழக்க தோஷத்தில் ஐயாவு அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நூறு!

'அடப் பாவி, குங்குமம்!' விழுந்தடித்து மேனேஜரிடம் ஓடினார்.

"துரை, பச்சத்தண்ணிக்கும் நூறு காட்டுது!"

துரை ஆழ்ந்து யோசித்தார். தந்தி போய்விட்டது, பாராட்டுக் கேடயம் வந்துகொண்டிருக்கிறது. மறுநாள் விடிகாலைப் பெரட்டில், தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடித்ததும், ஐயாவு வாயாலேயே அறிக்கையை வாசிக்க வைத்தார்:

"நமது தோட்டத்துக் குழாய்த் தண்ணீரிலேயே நூறு சதவிகித இரத்தம் இருப்பது விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்டுள்ளது. மயக்கம் வருகிறவர்கள் இரண்டு குவளை குடித்துவிட்டு வேலையைத் தொடரவும். இலேசான வேலை இத்துடன் ரத்து."

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். ஐயாவு தலை நிமிரவில்லை. இருளாயி பால்வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்படிச் சொல்லுங்க! பத்து வருசமா எங்க ஒடம்புலேர்ந்து உறிஞ்சுன ரத்தமெல்லாம் எங்க போச்சுன்னு பாத்தேன். கொழாயிலயா விட்டு வச்சிருக்கீங்க?"