லோஷன் போட்டது கன்னத்தில், கோணியது காது

மீசை முளைத்த இளைஞன் எவனும் கண்ணாடி முன்னால் நிற்கும்போது புத்திசாலியாக இருந்ததில்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கு மீசை வந்துவிட்டது. புத்தி மட்டும் வருகிற வழியில் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் எங்கள் வீடு. அக்கா வசந்தாவின் ஒரு வயதுப் பெண் கவிதாவுக்கு மொட்டையடித்துக் காது குத்த ஏற்பாடாகியிருந்தது. காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை தாய்மாமனுக்குத்தான். அக்காவுக்கு இருக்கிற ஒரே தம்பி நான். (இன்னொருத்தன் இருந்திருந்தால் நிச்சயம் அவனைத்தான் கூப்பிட்டிருப்பாள்.)

முதல் நாளே எச்சரித்தாள். "டேய் சேகர், ஆசாரி ரெண்டு காதுலயும் மையால புள்ளி வெப்பார். நீ அசையாம பிடிச்சுக்கணும். ஓட்டை கோணிப் போச்சுன்னா அவ ஆயுசுக்கும் கோணல் கம்மல்தான் போட்டுக்கணும். புரியுதா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா? போக்கா!"

அன்று சாயங்காலம் அக்காவின் கணவர், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சான், பெட்டியிலிருந்து ஒரு நீல பாட்டிலை எடுத்து நீட்டினார். "ஆஃப்டர்ஷேவ் லோஷன்டா. நாளைக்கு ஷேவ் பண்ணிட்டுப் போட்டுக்கோ. லேசா எரியும்."

"ஏன் மச்சான் எரியுது?"

"எரிஞ்சாத்தான்டா ஒரிஜினல்."

இந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. எதையும் சோதித்துப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. (இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று விரலை வைத்துப் பார்க்கிற கேஸ்.) முழங்கையில் தடவினேன். சில்லென்று இருந்தது. பின்கழுத்தில் தடவினேன். அங்கேயும் சில். எரியவே இல்லையே! பாவம் மச்சான், கடல் தாண்டிப் போய் டூப்ளிகேட் வாங்கி ஏமாந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். சரக்கு வீக் என்றால் அளவைக் கூட்டவேண்டியதுதானே? அப்போது இது பெரிய விஞ்ஞானமாகப் பட்டது.

மறுநாள் காலை, புது பிளேடு. மேலிருந்து கீழே ஒரு முறை இழுத்தேன். குழந்தையின் கன்னத்தில் முள்தாடி குத்திவிடக்கூடாதே என்ற பாசத்தில் கீழிருந்து மேலே இன்னொரு முறை. பிறகு, தலைக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி உள்ளங்கை நிறைய லோஷனை ஊற்றி, இரண்டு கன்னத்திலும் அறைந்துகொண்டேன்.

முதல் நொடி சில். மச்சான் ஏமாறவில்லை என்பது இரண்டாவது நொடியில் தெரிந்துவிட்டது.

கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். (இதைவிட மோசமான யோசனை எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது. அது வேறு கதை.) எரிச்சல் இரட்டிப்பானது. கண்ணாடியில் செக்கச்செவேல் என்று எவனோ நின்றான். வெளியிலிருந்து அக்காவின் குரல்: "மொட்டை ஆச்சு, சேகர்! சீக்கிரம் வாடா!"

மணையில் உட்கார்ந்தேன். கவிதாவை மடியில் வைத்தார்கள். மொட்டையில் குளுகுளுவென்று சந்தனம். தற்செயலாக என் கன்னம் அதில் பட்டது. ஆஹா! அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! கன்னத்தை அழுத்தி வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஆறியதும் இந்தப் பக்கக் கன்னம்.

"தாய்மாமன் பாசத்தைப் பாருங்களேன்," என்று ஒரு சித்தி கண் கலங்கினாள். எனக்கு ஏற்கெனவே கலங்கியிருந்ததால் அந்தக் காட்சி பிரமாதமாகப் பொருந்திப் போனது.

"சார், தல மேலருந்து மூஞ்ச எட்த்துட்டு நேரா புடி சார்," என்றார் ஆசாரி.

எடுத்தேன். வலது காது முடிந்தது. வாயில் வாழைப்பழம் இருந்ததால் கவிதா சிணுங்கக்கூட இல்லை. ஆனால் சந்தனம் போனதும் எனக்கு எரிச்சல் திரும்பிவிட்டது. வியர்வை வேறு வழிந்து சேர்ந்துகொண்டது. ஆசாரி இடது காதில் ஊசியை வைத்தார். அதே நேரம் பார்த்து கவிதா திரும்பி, பிஞ்சு விரல் ஐந்தையும் பரப்பி என் கன்னத்தைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ஐயோ அம்மா!"

கத்தியது நான்தான். கத்தலோடு மடியும் ஒரு குதி குதித்தது.

"இன்னா சார் நீ! கொயந்தயே கம்முனு குந்திகினு கீது, நீ துள்ற!"

கவிதா என் முகத்தை ஆராய்ச்சி செய்வதுபோல் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். புள்ளி ஓரிடத்தில் இருந்தது. ஓட்டை அதற்கு மேலே விழுந்திருந்தது. அக்கா காதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அந்த பாட்டிலை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. சீக்கிரமே தாடியும் வளர்த்துவிட்டேன். ஆனால் கேள்வி மட்டும் போகவில்லை. முழங்கையில் சில்லென்று இருந்தது கன்னத்தில் மட்டும் ஏன் எரிந்தது? ஆபீசில் கேட்டேன், சலூனில் கேட்டேன். எல்லோரிடமும் மச்சானின் பதில்தான் இருந்தது.

கடைசியில் பதில் சொன்னது அந்தக் காதுக்காரியேதான். அதற்குள் கவிதா வளர்ந்து காட்டாங்குளத்தூரில் பார்மசி படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, தோல்ல சூட்டைக் கண்டுபிடிக்கிற நரம்பு இருக்கு. கொதிக்கிற காபி பட்டாத்தான் அது கத்தணும். ஆல்கஹால் பட்டா உடம்புச் சூட்டுக்கே கத்த ஆரம்பிச்சிடும். முழங்கையில தோல் முழுசா இருந்தது, உள்ளே இறங்கலை. கன்னத்துல நீங்கதான் ரெண்டு தடவை சுரண்டி வழி விட்டுட்டீங்களே! லோஷன்ல இருக்கிற வாசனைச் சாமான்கூட சில பேருக்கு அரிக்கும்."

"அப்போ என்னை எரிச்சது என் சூடேதானா?"

"ஆமா மாமா. ஒரிஜினல் சூடு."

கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் காதை மறுபடி குத்திவிடலாம் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். "வேணாம்மா, இது மாமா மடியில குத்தினது," என்று கவிதா மறுத்துவிட்டாள். அதைக் கேட்டு நான் ரொம்பவே நெகிழ்ந்து போயிருந்தேன், முகூர்த்த நாள் வரைக்கும்.

அன்று மேடையில் போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டுச் சொன்னார்: "மேடம், தலையைக் கொஞ்சம் நேரா வைங்க. இடது பக்கம் ஜிமிக்கி மேல ஏறியிருக்கு."

"தலை நேராத்தான் சார் இருக்கு," என்றாள் கவிதா, மண்டபத்துக்கே கேட்கும்படி. "அன்னைக்கு எங்க மாமா ஷேவ் பண்ணியிருந்தார்."