ஸ்டிக்கர் வாத்தியார் என்மேல் ஒட்டிய பதினோரு அம்புகள்

திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் மாணவன் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்த ஒரே ஆசிரியர் ஸ்டிக்கர் வாத்தியார்தான். மற்றவர்கள் பக்கத்தை எண்ணி மதிப்பெண் போட்டார்கள். நானும்தான்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே படித்து வந்தவர். தையலில் பிழை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி டெய்லருக்குத் திருப்பி அனுப்புவது அங்கே வழக்கம்; பிழையில்லாத பீஸ்தான் அயர்னுக்குப் போகும். எங்கள் துறைக்கு வந்தபின், மாணவர்கள் காப்பியடித்த வரி ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு. சிலர் நோட்டை விரித்தால் அம்மை போட்டதுபோல் இருக்கும். ஒருமுறை ஒரு நோட்டை முகர்ந்தே பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “ஜெராக்ஸ் சூடே ஆறலீங்க சார்.”

இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பனியன் கம்பெனிக்குப் போய் ஒரு மாதம் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். நாற்பத்து மூன்று அறிக்கைகள் வந்தன. எல்லாக் கம்பெனிக்கும் நாலு மாடி, எல்லாக் கேண்டீனிலும் நூற்றுப்பன்னிரண்டு நாற்காலி. ஜெராக்ஸ் கடைக்காரன் ஒரே அறிக்கையை எல்லோருக்கும் விற்றிருக்கிறான். போன வருடம் யாரோ ஒரு பெண் எழுதியது. நன்றியுரையைக்கூட மாற்றாமல் ஒரு பையன் தன் கணவருக்கு நன்றி சொல்லியிருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துறைத்தலைவர் நான். அத்தனை பேருக்கும் பூஜ்யம் போட்டுப் பட்டியல் தயாரித்தேன். அது மேலே போனால் நாற்பத்து மூன்று பேருக்கும் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். போகட்டும் என்றே இருந்தேன்.

ஸ்டிக்கர் வாத்தியார் வந்து நின்றார். “ஏனுங்க சார், பிழை இருக்குதுன்னு பீஸக் குப்பையிலயா போடுவாங்க? ஆல்ட்டருக்குத்தானுங்க அனுப்புவாங்க. தெச்சவங்களே பிரிச்சுத் தெக்கட்டும்.”

“திருடுனவனுக்கு என்னுங்க ஆல்ட்டர்?” என்று கத்தினேன். எங்கள் ஊரில் கோபத்திலும் ‘ங்க’ போகாது.

அவர் பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். பத்தொன்பது வருடமாக நான் வகுப்பில் கொடுத்துவரும் பாடக்குறிப்பு. அதில் சிவப்பு அம்புகள்.

“எந்தப் புஸ்தகம், எந்தப் பக்கம்னு ஓரத்துல எழுதியிருக்கறனுங்க.”

மூன்று முறை எண்ணினேன். பதினொன்று. பதினொன்றும் சரி. அந்த நிமிடமே அவரைப் பல்லடம் பஸ்ஸில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பிவிடலாமா என்றிருந்தது.

“அப்ப என்னையும் ரிஜெக்ட் பண்ணீருங்க.”

“இல்லீங்க சார். உங்களுக்கும் ஆல்ட்டர்தானுங்க.”

பட்டியலைக் கிழித்தேன். இரண்டு வாரம், எல்லோரும் நிஜமாகவே கம்பெனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்து கையால் எழுதினார்கள். நாலு மாடிகள் மறைந்தன. ‘என் அம்மா வேலை செய்யும் கம்பெனியில் கேண்டீன் இல்லை, நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள்’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதே வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் என் குறிப்பைத் திருத்தி எழுதினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆறு பேருக்கு மறுபடி ஆல்ட்டர். என் குறிப்பு மட்டும் ஓர் அம்புகூட இல்லாமல் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் அவர் எழுதியிருந்தார்: “அயர்னுக்குப் போலாமுங்க.”

என் வீட்டுச் சுவரில் மூன்று பட்டங்கள் தொங்குகின்றன. நாலாவதாக அந்தப் பக்கத்தையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.