ஊர் உலகத்துக்கெல்லாம் பெயர் வைத்தவள்

பொய் சொல்வதில் எனக்கு ஒரே ஒரு குறைதான். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. இரண்டு வரியில் முடித்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறார்கள். நான் சொன்ன பொய்யை ஆளுயரப் பலகையில் தங்க எழுத்தில் எழுதி, மூன்று பாஷையில், ரிப்பன் கட்டித் திறந்து வைத்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு, ஹட்டனில் ஆங்கில வகுப்புக்கும் போய் வந்த திமிரில் இருந்தேன். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தேயிலை அரைப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கோப்பை குடித்துப் போவதற்கென்று கண்ணாடி அறை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் பரிமாறுவதற்கு நானும் என் சிநேகிதி கலாவும். உள்ளே தேத்தண்ணி போடுவதற்கு ஐயாத்துரை மாமா. எங்கள் இரண்டு பேருக்கும் தற்காலிக வேலைதான், நிரந்தரக் கடிதம் வரவேண்டும்.

அந்தக் கடிதத்துக்காக எங்கள் வீட்டில் நடந்த அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. அம்மா இருபத்தேழு வருடம் கொழுந்து பறித்தவள். தன் மகள் கூடையைத் தலையில் மாட்டாமல் கூரைக்குக் கீழே நின்று சம்பாதிக்கப் போகிறாள் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்தும் விட்டாள். (என்ன நேர்ந்தாள் என்று சொல்லவில்லை. கிடைத்ததும் மொட்டை எனக்குத்தான் என்று தம்பி பயமுறுத்திக்கொண்டிருந்தான்.)

கண்ணாடி அறையில் எங்களுக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. வந்தவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே பேசியாக வேண்டும். பேசாமல் இருக்க முடியாது, அது உடம்புக்கு ஆகாது. தமிழில் பேசினால் சென்னையிலிருந்து வந்தவர்களுக்குப் புரியும். சிங்களத்தில் பேசினால் வேன் டிரைவர்களுக்குப் புரியும். ஆங்கிலத்தில் பேசினால் எல்லோருக்கும் புரியும், எங்களுக்குத்தான் அரைகுறை. அதனால் ஒரு மழை நாளில், ஒரு பஸ்ஸும் வராத நேரத்தில், நானும் கலாவும் உட்கார்ந்து சொந்தமாக ஒரு பாஷை செய்தோம். கோப்பை பாஷை என்று அதற்குப் பெயர்.

பாஷை என்றால் முதலில் மனிதர்களுக்குப் பெயர் வேண்டும். நாட்டின் பெயரைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்களே. ஆகவே தேத்தண்ணியை வைத்ததும் ஒவ்வொரு நாட்டுக்காரரும் முதலில் என்ன செய்கிறார் என்று கவனித்து, அந்தச் சத்தத்தையே பெயராக வைத்தோம். சத்தத்துக்குப் பின்னால் ‘லோரா’ என்று ஒரு வால். லோரா என்றால் ஆட்கள். (ஏன் லோரா? வாயில் வந்தது. பெரிய மொழிகள் எல்லாம் மட்டும் யோசித்தா வந்தன?)

கடிகாரத்தைப் பார்த்து இலையை ஊறவைக்கிற ஜெர்மன்காரர்கள் டிக்லோரா. பாலை மேலே ஊற்றுகிற இங்கிலாந்துக்காரர்கள் சளக்லோரா. பால், சீனி இரண்டுக்கும் தலையாட்டி மறுக்கிற சீனாக்காரர்கள் ம்ஹும்லோரா. போட்டதைத் திருப்பி அனுப்பி இன்னும் கொதிக்க வைக்கச் சொல்கிற இந்தியாக்காரர்கள் கொதக்லோரா. கொழும்பிலிருந்து வந்து ஆறிப்போகும்வரை போட்டோ பிடிக்கிறவர்கள், அவர்கள் எந்த இனமானாலும், கிளிக்லோரா. யாழ்ப்பாணத்திலிருந்தும் அங்கிருந்து கனடா, லண்டன் போய்த் திரும்பியும் வருகிறவர்கள் கோப்பையைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக மலையில் கொழுந்து பறிப்பவர்களைப் பார்ப்பார்கள். பிறகு எங்களைப் பார்ப்பார்கள். பார்த்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, ‘உச்’ என்று ஒரு பரிதாபச் சத்தம் விடுவார்கள். அவர்கள் உச்லோரா.

எங்கள் பாஷை வெறும் வம்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மாமாவுக்கு மேசை இலக்கம் மனதில் நிற்காது. ஆகவே துண்டுச் சீட்டில் இந்தப் பெயரை எழுதி உள்ளே அனுப்பினோம். டிக்லோரா என்றால் பால் இல்லாமல் இலையைத் தனியாக வைப்பார். கொதக்லோரா என்றால் முதலிலேயே இஞ்சி தட்டிப் போட்டு இரண்டு தடவை கொதிக்க வைப்பார். உச்லோரா என்றால் பெரிய கோப்பையில் சீனி தூக்கலாகப் போட்டு ஒரு பிஸ்கட்டும் கூட வைப்பார். பாவம், நமக்காக வருத்தப்படுகிறார்களே என்பார். நாலு மாதத்தில் ஒரு கோப்பைகூடத் திரும்பி வரவில்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. இவ்வளவு ஒழுங்காக நடக்கிற அறையைப் பார்க்க கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி மாத்தயா வந்தார். தோட்டத்தை நடத்துகிற தொரை பின்னால் கைகட்டி நிற்க, அவர் மாமாவின் மேசையிலிருந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, இவை என்ன என்று என்னைக் கேட்டார்.

அசடு வழிந்து நின்றிருக்கலாம். மேசைகளுக்கு நாங்கள் வைத்த பெயர் என்றிருக்கலாம். ஆனால் தேயிலை ரகங்களுக்கே ஏற்கெனவே பி.ஓ.பி. என்று ஒருவருக்கும் விளங்காத எழுத்துக்களைத்தானே பெயராக வைத்திருக்கிறார்கள். இதுவும் அப்படித்தான் என்று சொன்னால் நம்புவார் என்று பட்டது. அவையெல்லாம் தேயிலை ரகங்கள், சேர், என்றேன். அதோடு வாயை மூடினேனா? எங்கள் பூட்டன் காலத்துத் தொழிலாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பழைய பெயர்கள், பாரம்பரியமாக வருகிறது என்றும் சேர்த்தேன்.

பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டால் கொழும்பு ஆட்கள் உருகிவிடுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாத்தயாவின் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொன்றின் சுவையையும் கேட்டு எழுதிக்கொண்டார். நானும் அளந்துவிட்டேன். பக்கத்தில் கலா என் முழங்கையைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்க வைத்தாள். போகும்போது, அடுத்த மாதம் இதற்கென்றே ஒரு விழா, அதில் உன் நிரந்தரக் கடிதத்தை என் கையாலேயே தருகிறேன் என்றார்.

அடுத்த மாதம் பலகை வந்தது. யாரோ கவிதை மனம் படைத்த விளம்பரக்காரர் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். ‘கொதக்லோரா: தீயின் நினைவு.’ ‘டிக்லோரா: காலத்தின் பொறுமை.’ ‘உச்லோரா: மலையின் பெருமூச்சு.’ அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. இனிமேல் விருந்தாளிகள் தங்களுக்கு வேண்டிய பெயரைத் தாங்களே பார்த்துச் சொல்வார்கள். அதை நாங்கள் துண்டில் எழுதுவோம். இதையெல்லாம் மாமாவிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திட்டுவார் என்று தள்ளிப்போட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று விழா நாளே வந்துவிட்டது.

ரிப்பன் வெட்டி, விளக்கேற்றி, எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா அன்றைக்கு மலைக்குப் போகாமல் கல்யாணச் சேலை கட்டி அப்பாவோடு வாசலில் நின்றாள். கடிதம் ஒரு நீல உறையில் மாத்தயாவின் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் மேசையில் ஓர் இங்கிலாந்துத் தம்பதி. அவர்கள் பலகையைப் படித்துவிட்டு ஆசையாகக் கொதக்லோரா இரண்டு கேட்டார்கள். நான் எழுதி அனுப்பினேன்.

மாமா கடமையில் கெட்டிக்காரர். துண்டை வாங்கிக்கொண்டு, ஆளைப் பார்ப்பதற்கு எப்போதும்போல கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் சுருங்கியது. நான் பிழையாக எழுதிவிட்டதாக நினைத்து, பெரிய விழாவில் என் மானம் போகப் போகிறது என்று பதறி, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வெளியே வந்துவிட்டார்.

“செல்வி, இவங்க கொதக்லோரா இல்லியே புள்ள. சளக்லோரால்ல?”

நான் கண்ணைக் காட்டினேன். பல்லைக் கடித்தேன். மாமா கண்டுகொள்ளவில்லை. அவர் பாட்டுக்கு அறையைச் சுற்றிப் பார்த்து, அந்தா அவருதான் டிக்லோரா, இவங்க ம்ஹும்லோரா, கொதக்லோரா இன்னைக்கு ஒருத்தரும் வரலியே என்று கையை நீட்டி நீட்டிக் கணக்கெடுத்தார். என்ன சொல்கிறார் என்று மாத்தயா ஆங்கிலத்தில் கேட்டார். தொரை கூரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், ஜன்னலோரத்தில் இருந்த கனடா அம்மா ஒருவர் முந்திக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தமிழும் ஆங்கிலமும் சரளம், உதவி செய்யும் மனசு.

“நில்லுங்கோ, நான் சொல்லுறன்” என்று எழுந்து, மாமா சொன்ன ஒவ்வொன்றையும் அறை முழுக்கக் கேட்கும்படி மொழிபெயர்த்தார். இவர் டிக்லோராவாம். அவர் சளக்லோராவாம். இது தேயிலையின் பெயர் இல்லையாம், ஆட்களின் பெயராம். மொழிபெயர்த்துக்கொண்டே தன் கோப்பையைப் பார்த்தார். அவர் கேட்டிருந்தது மலையின் பெருமூச்சு.

“அப்ப இந்த உச்லோரா ஆர் ஐயா?”

மாமா இரண்டு கையையும் குவித்தார். “அது நீங்கதாங்கம்மா.”

அதோடும் விடவில்லை. ஏன் அந்தப் பெயர், ஏன் அந்த பிஸ்கட் என்று மரியாதையாக, விளக்கமாக, கடைசிவரை சொன்னார். முழுவதையும் கேட்டு முடித்த அந்த அம்மா, என்னையும் வாசலில் நின்ற என் அம்மாவையும் பார்த்து, தன்னை அறியாமல், “உச்” என்றார்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். அடுத்தது இங்கிலாந்துக்காரர். டிக்லோரா சிரிக்கவில்லை. இலை அதிகமாக ஊறிவிட்டதே என்ற கவலையில் கடிகாரத்தைப் பார்த்தார். மாத்தயா சிரிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்த உறையை விரலால் உள்ளே தள்ளிவிட்டார். அது உள்ளே போவதை அம்மா பார்த்தாள். அவள் முகத்தை அன்றைக்கு நான் பார்த்திருக்கக் கூடாது. இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது அந்த இடத்தை மட்டும் சீக்கிரம் தாண்டிவிடுவேன்.

போகும்போது அந்தக் கனடா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமில்லை. “எல்லாருக்கும் பேர் வைச்சிருக்கிறியள் பிள்ளை. உங்கட ஆக்களுக்கு என்ன பேர்?” என்று கேட்டார். நானும் கலாவும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கு நாங்கள் பெயர் வைக்கவே இல்லை. எங்களுக்கு யார் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார்கள், என்ன சத்தம் வருகிறது என்று பார்க்க?

மறுநாளே பலகை இறங்கியது. என்னையும் கலாவையும் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டுகிற அறைக்கு மாற்றினார்கள். நிரந்தரக் கடிதம் அந்த மாதமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. கடைசியில் நானே நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டேன். விழா முடிந்து அம்மா எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள், இத்தனை அறிவை வைத்துக்கொண்டு உருப்படியாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லையே என்று திட்டினாள். அப்பாடா என்றிருந்தது.

அப்பா திட்டவே இல்லை. ஃபேக்டரி ரோலர் சத்தத்திலேயே முப்பது வருடம் நின்றதால் அவருக்குப் பேச்சு குறைவு. விழா நடந்த அன்று சாயந்திரம் அடுப்படியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, தூள் தேயிலையில் போட்ட பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தார். குளிருக்கு இதமாக, “ஹா” என்றார். கூடவே வந்திருந்த கலா, நான், தம்பி மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக் காம்பராவிலும் யாரோ “ஹா” என்றார்கள்.

அன்றைக்குக் கிடைத்த பெயர் ஹாலோரா. பத்து வருடமாக வீட்டில் அதுதான் பேச்சு. வருகிற மருமகள் நம்ம ஆளா என்று கேட்காமல் ஹாலோராவா என்று கேட்கிறார்கள்.

போன வருடம் ஒரு பொடியன் சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் படிவம் நிரப்ப வந்தான். இனம் என்ற இடத்தில் பேனா நின்றது. இந்தியத் தமிழர் என்று போடவா, இலங்கைத் தமிழர் என்று போடவா என்றான். பிறப்புச் சான்றிதழில் இருப்பதைப் போடச் சொன்னாள் அம்மா. மலையகத் தமிழர் என்றுதான் போட வேண்டும் என்று தம்பி சண்டைக்கு நின்றான். அரைமணி நேரம் தகராறு. அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஹாலோரான்னு போட்டுக்கங்க தம்பி.”

அப்படி ஒரு இனம் பட்டியலில் இல்லை என்றான் பொடியன். மலை ஏறி வந்து களைத்திருக்கிறானே என்று அப்பா அவனுக்கும் ஒரு பிளேன்டீ போடச் சொன்னார். வெளியே நல்ல குளிர். அவன் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, “ஹா” என்றான்.

“பாருங்க, இன்னொரு ஆளு” என்றார் அப்பா.