மாமனாரின் கணினிக்கு வந்த வேகம்

மாமனாரின் பழைய கணினி மூன்றாம் முறையாக மூச்சை நிறுத்தியபோது, நிரலாளன் தலையில் அடித்துக்கொண்டான்.

தகவல்களை அயலார் படிக்க முடியாதபடி பூட்டும் மென்பொருளை அவன் ஓராண்டாக எழுதிவந்தான். பூட்டும் வேலைக்கென்றே தனி மின்சுற்று பதித்த அவனுடைய புதுக் கணினியில் அது பறந்தது. வாங்கவிருந்த வங்கிக்காரர்களோ, தங்கள் கிளைகளில் கிடக்கும் பழைய கணினிகளிலும் அது ஓடியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றனர். சோதித்துப் பார்க்க அத்தனை பழையது எங்கே கிடைக்கும்? மாமனார் வீட்டில்தான்.

கைப்பேசி அலறியது. மேலாளர்.

"என்னய்யா ஆச்சு? சாயங்காலத்துக்குள்ள அனுப்பலன்னா வேற கம்பெனிக்குக் கொடுத்துடுவாங்க. அப்புறம் நம்ம டீமே இருக்காது!"

"இந்தக் கிழட்டு மெஷின்ல அந்தச் சுற்றே இல்ல சார். இல்லாததைக் கேட்டதும் செத்துப்போகுது."

"இருக்கான்னு பார்த்துட்டுக் கேக்க வேண்டியதுதானே!"

சொல்வது எளிது. சுற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும், இல்லையேல் வெறுங்கணக்குப் போட்டே பூட்டவும் வழி செய்தான். இப்போது கணினி சாகவில்லை, நகரவும் இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது ஓடுதா, தூங்குதா?"

"நீ வேற எரிச்சலைக் கிளப்பாத!"

வேலையைச் செயலியின் எல்லாப் பகுதிகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தான். விசிறி ஊளையிட்டது, மேசை சுட்டது. மாமனார் கசங்கிய சட்டையோடு வந்து நின்றார்.

"கம்ப்யூட்டரா, இஸ்திரிப் பெட்டியா மாப்பிள்ளை? அப்படியே இதையும் ஒரு தேய் தேய்ச்சுக்கவா?"

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போங்க!"

ஆத்திரத்தில் அந்தக் கணக்குப் பகுதியை அடியோடு பிய்த்தெறிந்துவிட்டு, புதிதாக ஒன்றை எழுதிச் சேர்த்தான். கண்ணிமைப்பதற்குள் வேலை முடிந்தது! நம்ப முடியாமல் ஒரு கோப்பைப் பூட்டி, மீண்டும் திறந்து, மூலத்தோடு ஒப்பிட்டான். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. வேகத்தில் அவனுடைய புதுக் கணினியே தோற்றது.

உடனே அனுப்பிவைத்தான். மேலாளர் உச்சி குளிர்ந்தார்.

"கில்லாடிய்யா நீ! வங்கிக்குக் கொடுத்தாச்சு. எல்லாக் கிளையிலயும் ஏத்திட்டிருக்காங்க!"

கூடத்துக்கு வந்து சாய்வு நாற்காலியில் விழுந்தான். "கல்லு மாதிரி பூட்டியிருக்கேன். கடைசியா அந்த மெஷின்ல இருந்த பெரிய ஃபோல்டரையே பூட்டிப் பார்த்துட்டேன்."

மனைவி திடுக்கிட்டாள். "பெரிய ஃபோல்டரா? ஐயோ, அது நம்ம கல்யாணப் படங்க! வேற பிரதியே கிடையாது. முதல்ல திறங்க!"

அவன் முகம் வெளிறியது. மென்பொருளை மூடிய நொடியே சாவியை நினைவகத்திலிருந்து துடைத்துவிடும்படி எழுதியிருந்தான்; சாவியை வேறெங்கும் குறித்துவைக்கவும் இல்லை. அவனுக்கு அதில்தான் தனிப் பெருமை.

"சாவி இல்ல... இனிமே உலகத்துல யாராலயும் திறக்க முடியாது."

"சபாஷ்!" என்று வெடித்தார் மாமனார். "கல்யாணத்தைப் பூட்டிட்டுச் சாவியையும் தொலைச்ச மாப்பிள்ளை நீங்க ஒருத்தர்தான்!"

உள்ளறையில், அந்தப் பழைய கணினியின் முன்னாலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்:

"எதுக்கு மாப்பிள்ளை வீணாக் கலங்குறீங்க? எல்லாப் படத்தையும் நான் ஒவ்வொண்ணாப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். ஒண்ணுகூடப் பூட்டல!"