பதினோராம் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தவன்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள். நான் இல்லை. இசைக் கல்லூரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு மணிக்கு எதிர்க் கதவில் முடிவை ஒட்டுவார்கள். பதினேழு பிள்ளைகள், ஒரே ஓர் இடம். உன் மருமகளுக்கு அது கிடைக்காவிட்டால் காரணம் நான்தான். இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

பியானோ வாசிக்கும்போது பக்கம் புரட்ட ஆள் வேண்டுமாம். "அப்பா, நீங்களே வாங்க"ன்னா. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்குத் தாள் புரட்டத் தெரியாதா என்று தலையை ஆட்டிவிட்டேன். ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். கட்டளையெல்லாம் இத்தாலிய மொழியில். அச்செலராண்டோ என்றால் போகப் போக வேகமெடு. ரிட்டார்டாண்டோ என்றால் மெல்ல மெல்லக் குறை. அ டெம்போ என்றால் பழைய வேகத்துக்கே திரும்பு. நம் சாலையோரப் பலகைகளேதான்! அதுதான் அக்கா வினையாகிவிட்டது.

தேர்வாளர்கள் மூன்று பேர். நாலாம் பக்கம் வரை நல்லாத்தான் போச்சு. அங்கே அச்செலராண்டோ என்றிருந்ததைப் பார்த்ததும் என் கையும் வேகமெடுத்து இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டது. பதறிப்போய் ஒன்றைப் பின்னால் இழுத்தேன். அவள் நிறுத்தவில்லை. எனக்கு வேர்த்து ஊற்றியது. பதினோராம் பக்கக் கடைசி வரியில் ரிட்டார்டாண்டோ. பலகையைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்காமல் நான் எந்தக் காலத்தில் போயிருக்கிறேன்? பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை உருட்டுவதுபோல் தாளை மெல்ல, மெல்லப் புரட்டுகிறேன். அவள் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து வாசிக்கிறாள். "போதும்ப்பா, விட்டுடுங்க"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றா. "இன்னும் அ டெம்போ வரலையேம்மா"ன்னேன். நடுவில் இருந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தண்ணீர் குடிக்கப் போனவள் இன்னும் திரும்பவில்லை. ஆறு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் உழைத்த பிள்ளை. எல்லாத்தையும் ரெண்டு தாள்ல கவுத்துட்டேனே அக்கா! வீட்டுக்கு எந்த முகத்தோடு போவேன்? நீயே உடனே என் மனைவிக்குப் போன் செய்து பக்குவமாகச் சொல்லிவிடு.

அத்தானுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: போன் செய்யாதே! அவளுக்குத்தான் இடம். பதினோராம் பக்கத்தில் அவள் காட்டிய நிதானம் யாருக்கும் வரவில்லை என்றாராம் அந்த அம்மையார். "எல்லாம் என் கைராசி" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். சிரித்துவிட்டாள். பாட்டு முழுக்க மனப்பாடமாம், தாளே தேவையில்லையாம்.

"அப்புறம் என்னை எதுக்குடா உள்ளே கூட்டிட்டுப் போனே?"

"தனியா இந்த பெஞ்சுல விட்டா உங்களுக்குப் பயத்துலயே பாதி உசுரு போயிருக்கும். அதான் கைக்கு ஒரு வேலை கொடுத்தேன்."

"சரி, அந்த இடத்துல ஏன் அப்படி இழுத்து வாசிச்சே?"

"நீங்க புரட்டி முடிக்க வேணாமாப்பா?"